ஓட்டத்தைக் குறைத்து உயிர்பெற்ற வீதி

ஓர் ஊரின் செல்வத்தை அறிய விரும்புவோர் அங்குள்ள மாளிகைகளை எண்ணிப் பார்ப்பர். அவ்வூரின் உயிர்ப்பை அறிய விரும்புவோரோ மாலை வேளையிலே அதன் கடைத்தெருவின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தல் வேண்டும். தாயின் கையைப் பற்றிக்கொண்டு வரும் குழந்தை, ஊன்றுகோலுடன் மெல்ல நடக்கும் முதியவர், புத்தகக் கட்டுடன் வீடு திரும்பும் மாணவி, ஒரு கட்டுக் கீரை வாங்க வந்து அரை மணி நேரம் அயலவருடன் பேசி நிற்கும் இல்லத்தரசி ஆகிய இவர்களெல்லோரும் அச்சமின்றி நடமாடும் தெருவே உயிருள்ள தெரு.

நமக்கு இது மிகச் சாதாரணமான காட்சி. ஆனால், செல்வத்தில் சிறந்த ஐக்கிய அமெரிக்காவிலே, புறநகர்களில் வாழும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் இக்காட்சியைத் தம் ஊரிற் காணாமலே ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்துவிட்டன என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். இழந்த கடைத்தெருவைத் தேடி மீண்டும் பெற்ற ஊர்களும் அங்கே சில உண்டு. அவற்றுள் ஒன்றாகிய லங்காஸ்டர் நகரின் கதையையே இங்குக் கூற எண்ணுகின்றோம்.

பாலைவனத்தின் ஓரத்தில்

கலிபோர்னியா மாநிலத்திலே, லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகருக்கு வடக்கே வீதி வழியாக ஏறத்தாழ 70 மைல் தூரத்தில், மொஹாவே பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் அமைந்துள்ளது லங்காஸ்டர். 1876ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை அவ்வழியே வந்தது; பாதையை ஒட்டி ஊர் எழுந்தது. தண்டவாளத்தின் அருகே கடைகளும் பிரயாணிகள் தங்கும் விடுதியும் தோன்றின. அக்காலத்து விடுதியொன்று இன்று நூதனசாலையாகக் காட்சி தருகின்றது. பிற்காலத்தில் திரைப்பட உலகிலே பெரும் புகழ் பெற்ற ஜூடி கார்லண்ட், 1926ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகளைத் தம் குழந்தைப் பருவத்தில் இவ்வூரிலே கழித்தவர். அவருடைய தந்தையார் இங்கு ஒரு படமாளிகையை நடத்தினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஊரின் போக்கு மாறிற்று. அண்மையிலுள்ள வறண்ட ஏரிப் படுகை புதிய விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிப்பதற்கு மிக வாய்ப்பான இடமாயிற்று. 1947ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதி, சக் யேகர் என்ற விமானி ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்தது அங்கேதான். பின்னர் எட்வேர்ட்ஸ் விமானத் தளம் எனப் பெயர் பெற்றது அந்த இடமே. அத்தகைய சோதனை விமானிகளின் நினைவைப் போற்றும் பலகைகளை 1990ஆம் ஆண்டு முதல் லங்காஸ்டர் தனது பிரதான வீதியின் நடைபாதை ஓரத்திலே நாட்டி வந்தது. யேகரின் பெயரும், சந்திரனில் முதற்கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ரோங்கின் பெயரும் அங்கே உள்ளன.

வேகத்தின் புகழைப் பாடும் இந்த வீதியே வேகத்தாற் பட்டுப்போய், மெதுவாகச் செல்லக் கற்ற பின்னரே மறுபடியும் தளிர்த்தது.

தெரு எவ்வாறு தேய்ந்தது

1980ஆம் ஆண்டின் குடிமதிப்பிலே லங்காஸ்டரின் குடித்தொகை ஏறக்குறைய 48,000. 1990இல் அது 97,000ஐச் சற்றுத் தாண்டியது. 2010இல் 156,000ஐத் தாண்டியது. முப்பதாண்டுகளில் மக்கள் மும்மடங்காயினர். ஆயினும், ஊர் பெருகப் பெருக அதன் பழைய கடைத்தெரு மெலிந்துகொண்டே சென்றது. இம்முரண்பாட்டுக்குக் காரணம் என்ன?

முதலாவது, நெடுஞ்சாலை. பழைய நாளில் லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் பிரதான பாதை ஊரின் நடுவே, புகையிரதப் பாதையை ஒட்டிச் சென்றது. பின்னர் அதிவேக நெடுஞ்சாலை ஊருக்கு மேற்கே அமைக்கப்பட்டது. வாகனங்கள் அப்பக்கம் திரும்பின; வர்த்தகமும் அவற்றைப் பின்தொடர்ந்தது. 1990ஆம் ஆண்டில் அயல் நகராகிய பாம்டேலில் ஒரு பேரங்காடி திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட ஒரே கூரையின் கீழ்ப் பலநூறு பொருள்களும் கிடைக்கும்போது, வெயிலில் நின்று பழைய தெருவிற் பொருள் வாங்குவார் யார்?

இத்தகைய மூடிய பேரங்காடிக்கு அமெரிக்காவில் முதன்முதல் உருவம் கொடுத்தவர் விக்டர் குருவன் என்னும் கட்டடக் கலைஞர். வியன்னா நகரிற் பிறந்து, நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா சென்றவர் அவர். தாம் பிறந்த நகரின் தெருக்களிலே மக்கள் கூடிக் குலாவியதை மறவாத அவர், அந்தக் கூட்டுறவைப் புறநகர்களிலும் உண்டாக்க விரும்பினார். 1956இல் மினசோட்டா மாநிலத்தில் அவரது முதலாவது மூடிய அங்காடி திறக்கப்பட்டது. அதைச் சூழ வீடுகளும் பாடசாலைகளும் பூங்காக்களும் எழும் என்பது அவருடைய கனவு. எழுந்தவையோ மோட்டார் வண்டிகள் நிற்கும் வெறும் வெளிகளே. தம் கருத்து இவ்வாறு திரிந்ததைக் கண்டு மனம் நொந்த அவர், முதுமையில் வியன்னாவுக்கே திரும்பிச் சென்று, அத்தகைய அங்காடிகளை வெளிப்படையாகவே கண்டித்தார்.

இரண்டாவது காரணம், வாகனத் தரிப்பிடம். அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே, கடை கட்டுவோர் இத்தனை வண்டிகளுக்கு இடம் விடவேண்டும் எனச் சட்டம் இருந்தது. ஒரு வண்டி நிற்பதற்கும், வந்து திரும்பிச் செல்வதற்கும் சேர்த்து ஏறக்குறைய 300 சதுர அடி நிலம் வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கடைக்கு நான்கு வண்டிகள் என்று கணக்கிட்டாலும், 1,200 சதுர அடி தரிப்பிடத்துக்கே போய்விடும். கடையைவிடக் கடைக்கு முன்னுள்ள வெறுநிலம் பெரிது! இவ்வாறு ஒவ்வொரு கடையும் அடுத்த கடையிலிருந்து விலகி விலகிச் சென்றால், ஒரு கடையிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்ல எவருக்கு மனம் வரும்?

மூன்றாவது, வீதியின் அகலம். பழைய கடைத்தெரு நான்கு நிரைகளில் வாகனங்கள் விரையும் பாதையாக ஆக்கப்பட்டது. அகன்ற பாதையைக் கண்டதும் ஓட்டுநரின் கால் தன்னையறியாமலே விசையை அழுத்தும். விரைந்து செல்பவர் கடை முகப்பைப் பார்ப்பதில்லை; நடந்து செல்ல நினைப்பவர் அத்தெருவுக்கு வருவதில்லை. இரு சாராரையும் இழந்த கடைக்காரர் கதவைச் சாத்தாமல் வேறு என் செய்வார்?

சில்லிக்கும் மலருக்கும் இடையே ஒரு மணல் ஆறு

2008ஆம் ஆண்டில் நகரசபை தனது மையப் பகுதிக்கெனப் புதிய திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. எந்தக் கட்டடம் எந்தத் தொழிலுக்கு என்று மட்டும் விதித்த பழைய முறையை விடுத்து, கட்டடங்கள் தெருவை எவ்வாறு நோக்கி நிற்க வேண்டும் என்பதைப் புதிய விதிகள் வரையறுத்தன. கடை முகப்பு நடைபாதையை ஒட்டி அமையவேண்டும்; கடைக்கு மேலே குடும்பங்கள் குடியிருக்கலாம். பழைய உலகத்துப் பட்டினங்களிலே இயல்பாக இருந்த வழக்கம் அங்கே சட்டத்தின் துணையுடன் மீண்டும் வரவேண்டியிருந்தது.

வீதியை மாற்றி வரையும் பணி, பசடீனா நகரிலுள்ள எலிசபெத் மூல், ஸ்ரெபனோஸ் பொலிசோய்டிஸ் என்னும் கட்டடக் கலைஞர் இருவரின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் கையாண்ட உபாயம் மிக எளிது. நான்கு நிரைப் பாதையைத் திசைக்கு ஒன்றாக இரண்டு நிரைகளாகக் குறைத்தனர். அதனால் மீந்த நிலத்தைப் பாதையின் நடுவே ஒரு நீண்ட முற்றமாக்கினர். பனை இன மரங்களும் நிழல் மரங்களும் நாட்டப்பட்டன. விளக்குகளும் இருக்கைகளும் அமைந்தன. சாதாரண நாள்களில் அம்முற்றத்து மரங்களின் இடையே வண்டிகளை நிறுத்தலாம். திருவிழா நாளிலும் சந்தை நாளிலும் வண்டிகள் விலகிக்கொள்ள, அதே இடம் மக்கள் கூடும் மன்றாகிவிடும்.

இதற்கு முன்மாதிரியாக அமைந்தது ஸ்பானிய நாட்டின் பார்சலோனா நகரத்திலுள்ள ‘ரம்பிளா’ என்னும் புகழ்பெற்ற வீதி. ரம்பிளா என்ற சொல் மணலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் மணல் ஆற்றுக்கு வழங்கிய பெயர் அது. ஒரு காலத்தில் நீர் ஓடிய தடத்திலே இன்று பார்சலோனாவில் மக்கள் வெள்ளம் ஓடுகின்றது. பாலைவனத்து ஊராகிய லங்காஸ்டருக்கு இதனிலும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

ஒரு மைலுக்கும் குறைந்த நீளத்தில், குறுக்குத் தெருக்களால் ஒன்பது துண்டங்களாகப் பிரிக்கப்பட்டது அவ்வீதி. அதனைத் திருத்தியமைக்கும் வேலை எட்டு மாதங்களில் முடிந்து, 2010ஆம் ஆண்டின் இறுதிக்குள் வீதி மக்களின் பாவனைக்கு வந்தது. செலவு 1 கோடியே 15 இலட்சம் டொலர். 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியால் வீட்டு விலைகள் சரிந்து, அப்பள்ளத்தாக்கிலே எத்தனையோ குடும்பங்கள் கடன் கட்ட முடியாது வீடிழந்து நின்ற காலம் அது. அத்தகைய வேளையில் ஒரு தெருவுக்கு இத்தனை பணமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் காலம் தாழ்த்தியிருந்தால் வாய்ப்பே தவறியிருக்கும். உயரும் சொத்து வரியின் ஒரு பங்கைக் கொண்டு பழைய பகுதிகளைச் சீர்திருத்திய நகர அபிவிருத்தி முகவர் நிலையங்களையெல்லாம் கலிபோர்னியா அரசு 2012ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துடன் கலைத்துவிட்டது.

வேகம் என்னும் கணக்கு

இங்கே மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் கூறுதல் பொருந்தும். ஓடும் பொருளின் இயக்கச் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதைப் பௌதிகத்திற் படித்திருப்பீர்கள். வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அச்சக்தி காற்பங்காகக் குறையும். 2011ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் வாகனக் கழகத்தின் ஆய்வு நிலையம் வெளியிட்ட கணிப்பு இதனைத் தெளிவுபடுத்துகின்றது. மணிக்கு 23 மைல் வேகத்தில் வரும் வண்டியில் மோதுண்ட பாதசாரிகளுள் பத்தில் ஒருவர் இறக்க நேரும்; 42 மைல் வேகத்திலோ இருவரில் ஒருவர் உயிரிழப்பர். வேகத்தின் முள் சிறிது நகர்வது நமக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. தெருவைக் கடக்கும் குழந்தைக்கு வாழ்வும் சாவும் அந்தச் சிறு நகர்விலே அடங்கியிருக்கின்றன.

லங்காஸ்டரிலும் இதுவே கண்கூடாயிற்று. வீதி மாற்றப்பட்ட பின்னர் வாகன விபத்துக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. காயம் விளைவித்த விபத்துக்கள் அதனிலும் கூடுதலாகக் குறைந்தன. ‘மெதுவாகச் செல்க’ என்று எழுதிய பலகையைப் பார்த்து மனிதர் திருந்துவது அரிது. பாதை ஒடுங்கி, இருமருங்கும் மரங்கள் நெருங்கி, மக்கள் குறுக்கே நடக்கும் சூழலைக் கண்டால் எவருக்கும் கால் தானாகவே தளரும். கட்டளையிடாமலே பணியவைக்கும் ஆற்றல் நல்ல வீதிக்கு உண்டு.

வர்த்தகமும் வளர்ந்தது. ஏறத்தாழ 50 புதிய வியாபார நிலையங்கள் திறக்கப்பட்டன; 800க்கு மேற்பட்டோருக்கு வேலை கிடைத்தது. 2012ஆம் ஆண்டில் மத்திய அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிலையம் இத்திட்டத்துக்கு நாடளாவிய விருதொன்றை வழங்கிச் சிறப்பித்தது. அதே ஆண்டில் கலைக்கும் வரலாற்றுக்குமான நூதனசாலை இவ்வீதியிலே தன் புதிய மனையைத் திறந்தது. நூல் நிலையமும் அரங்கமும் பழைய விடுதியும் ஏலவே அங்கிருந்தன. பொருள் வாங்குவதற்கு மட்டுமன்றி, அறிவையும் கலையையும் நாடியும் மக்கள் வரும் தெருவாயிற்று அது.

கண்களே காவலர்

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 2011ஆம் ஆண்டில் அவ்வூர் நகரபிதா, வீதியோரத்தில் ஒலிபெருக்கிகளை அமைத்துப் பறவைகளின் பாட்டொலியைப் பகல் வேளையில் மணிக்கணக்காகப் பரவச் செய்தார். அந்த இனிய ஓசை மக்களின் மனத்தைச் சாந்தப்படுத்திக் குற்றங்களைக் குறைத்ததென்று அவர் உரிமை பாராட்டினார். பாட்டைக் கேட்டுத் திருடர் மனம் மாறினரோ, அறியோம். ஆனால் 1961ஆம் ஆண்டிலேயே ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அறிஞர் அமெரிக்க நகரங்களைப் பற்றிய தமது நூலில் இதற்கு வேறொரு காரணத்தை எடுத்துக் காட்டியிருந்தார். தெருவுக்குச் சிறந்த காவல், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். கடை வாசலில் நிற்கும் வியாபாரி, மாடி யன்னலில் எட்டிப் பார்க்கும் பாட்டி, நடந்து செல்வோர் ஆகியோரின் கண்கள் இருக்குமிடத்திலே தீயவன் துணியமாட்டான். ஒலிபெருக்கிப் பறவைகளைக் காட்டிலும், மாலையில் அங்கு வந்த மனிதரே வீதியைக் காத்தனர் என்பது நமது துணிபு.

வாகனத்தை முற்றாக விலக்கியோர் பெற்ற பாடம்

அப்படியானால் வாகனங்களை அடியோடு தடுத்துவிட்டால் இன்னும் நன்றல்லவா எனச் சிலர் வினவலாம். அதனையும் அமெரிக்கர் செய்து பார்த்தனர். 1959இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரம் தன் கடைவீதியை நடப்பவர்க்கு மட்டும் உரியதாக்கியது. 1964இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரமும் அவ்வாறே செய்து, சிலைகளும் நீரூற்றுக்களும் அமைத்து அழகுபடுத்தியது. ஆனால் அருகே குடியிருப்போர் குறைந்து, மற்றை எல்லா வீதிகளும் மக்களைப் புறநகர்க்கு இழுத்துச் செல்ல, அழகிய அத்தெருக்கள் வெறிச்சோடின. கலமசூ 1998இலும் பிரெஸ்னோ 2017இலும் தம் வீதிகளில் மறுபடி வாகனங்களை அனுமதித்தன.

நடைபாதை மட்டும் இருந்தாற் போதாது. நடந்து வருவதற்கு அயலில் மனிதரும் வேண்டும், அவர் நாடி வருவதற்கு ஒரு காரணமும் வேண்டும் என்பதை இவ்விரு நகரங்களும் விலை கொடுத்துக் கற்றன. லங்காஸ்டரோ வண்டியை விலக்கவுமில்லை, அதற்கு அரியணை கொடுக்கவுமில்லை. விருந்தினன் போல மெதுவாக வந்து, அடக்கமாக நின்று செல்லுமாறு அதனைப் பழக்கிற்று.

எஞ்சி நிற்கும் குறை

இக்கதையில் குறையே இல்லையென நாம் கூற வரவில்லை. ஒன்பது துண்டங்கள் திருந்தினவேயன்றி ஊர் முழுவதும் திருந்தவில்லை. அவ்வெல்லையைத் தாண்டினால், முன்போலவே அகன்ற பாதைகளும், வண்டியின்றி வாழ முடியாத வீட்டு வரிசைகளும் எதிர்ப்படுகின்றன. வண்டி ஓட்டும் வயது வராத சிறுவரும், ஓட்டும் வயதைக் கடந்த முதியோரும், வண்டி வாங்க வசதியில்லாத ஏழைகளும் அங்கே பிறர் தயவை எதிர்பார்த்தே வெளிக்கிட வேண்டும். ஒரு சமுதாயத்தில் இம்மூவரும் சிறு தொகையினர் அல்லர். நம்முள் ஒவ்வொருவரும் அவருட் சிலராக ஒருகால் இருந்தோம். ஆயுள் நீண்டால் மறுபடியும் இருப்போம்.

இன்னொரு கவலையும் உண்டு. தெரு செழித்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால், வறண்ட காலத்தில் விளக்கை அணைக்காது காத்திருந்த சிறு வியாபாரிக்கே முதலில் இடமில்லாமற் போகலாம். மரம் நாட்டுவோர் அதன் நிழலில் யார் இருக்கப்போகின்றார் என்பதையும் முன்கூட்டியே சிந்தித்தல் வேண்டும்.

ஆயினும் ஒரு நம்பிக்கையும் அங்கே தெரிகின்றது. 1994ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியைப் பெரும் பூகம்பம் குலுக்கி நெடுஞ்சாலைப் பாலங்களைத் தகர்த்தபோது, பள்ளத்தாக்கு மக்கள் வேலைக்குச் செல்வதற்காக அவசர அவசரமாகப் புகையிரத சேவை லங்காஸ்டர் வரை நீட்டப்பட்டது. இடர்காலத்தில் வந்த அந்தச் சேவை நிலைத்துவிட்டது. நிலையமோ திருந்திய வீதியின் தலைமாட்டிலேயே உள்ளது. 1876இல் ஊரைப் பெற்றெடுத்த இருப்புப் பாதையே, நடந்து செல்வோரை இன்று மறுபடியும் அதன் கடைத்தெருவுக்கு அழைத்து வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

தெருவை அகலப்படுத்துவதே முன்னேற்றம் என்று எண்ணுவது எளிது. வண்டிகள் தடையின்றிப் பறந்தால் வியாபாரம் பெருகும் என்றும் பலர் நம்புகின்றனர். லங்காஸ்டரின் கதை அதனை மறுக்கின்றது. கடந்து செல்லும் ஆயிரம் வண்டிகள் ஒரு கடைக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. நின்று பார்ப்பவனே வாங்குவான், நடந்து வருபவனே நிற்பான், அச்சமற்றவனே நடப்பான். கடைத்தெருவின் பொருளாதாரம் முழுவதும் இம்மூன்று வசனங்களில் அடங்கிவிடும்.

ஒலியை விஞ்சி வானிற் பறந்த வீரர்களின் பெயர்ப் பலகைகள் இன்றும் அவ்வீதியோரத்தில் நிற்கின்றன. அவற்றின் அருகே மரநிழலில் குழந்தைகளை நடத்திச் செல்லும் பெற்றோரை நாம் எண்ணிப் பார்க்கின்றோம். வேகத்துக்கு உரிய இடம் ஆகாயம். குழந்தை தன் சிறு கால்களால் எட்டு வைக்கும் தெருவுக்கு நிதானமே அழகு. மாலையில் உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்குச் செல்லும்போது, வீட்டுப் பிள்ளைகளையும் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அஞ்சாமல் நடக்கின்றார்களா என்று கவனியுங்கள். அத்தெருவின் உடல்நிலையை அறிய அதனிலும் நல்ல நாடி வேறில்லை.